கிரீஸ் கன் போன பிறகு: ஸ்டியரிங்கை ஒடித்தால் வரும் சத்தத்தின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடில் ஒரு சத்தத்தோட வரலாற்றைப் பேசப்போறேன். காரை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரத்திலிருந்து வரும் 'டக் டக் டக்' சத்தம். மதுரையில் எந்த மெக்கானிக்கிட்ட கேட்டாலும், எந்த டிரைவர்கிட்ட கேட்டாலும், ஏன், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டாலும்கூட ஒரே பதில்தான் வரும். "ஆக்ஸில் போச்சுண்ணே." ஏதோ பாட்டன் காலத்துப் பழமொழி மாதிரி சொல்வாங்க. அது பாட்டன் காலத்தது இல்லை. நம்ம ஊருக்கு அந்த விதி வந்து நாற்பது வருஷம் சொச்சம்தான் ஆகுது. ஒரே ஒரு காரோடு சேர்ந்து வந்தது. அது வந்தபோது வேறொரு பழக்கம் போயிடுச்சு. போன அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு, குறிப்பாக முன்பக்க வேலை பார்த்து எடுத்துவந்த வண்டியில், பலரை வழிதவற வைக்குதுன்னு எனக்குத் தோணுது.

மதுரைக்கு மோட்டார் புதுசு இல்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் தொழிலை ஆரம்பித்தது 1911. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் பஸ் டயரில் ஏறுதுன்னு, காந்தம் கட்டின வண்டியை ஓட்டி ரோட்டை வாரினார்கள் என்ற கதை இந்த ஊரில் கேட்காதவர் குறைவு. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, இப்படி ஒரு ஊரில் மெக்கானிக் என்பவர் புத்தகம் படித்து உருவானவர் இல்லை. பெரிய ஒர்க்‌ஷாப்பில் கை பழகி, வெளியே வந்து வெளி வீதியிலோ ஆற்றங்கரைப் பக்கமோ தனியாகத் தகரக் கூரை போட்டவர்கள். அவர்கள் கையில் பழகிய வண்டி எது என்பதைப் பொறுத்துத்தான் அவர்களுடைய அறிவும் அமைந்தது.

அந்த வண்டி ரொம்ப காலத்துக்கு அம்பாசடர். கூடவே ஃபியட், அதாவது பிற்பாடு பிரீமியர் பத்மினி. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் வந்தது. மூன்றுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இன்ஜின் முன்னால், இழுவை பின்னால். நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட். முன்சக்கரத்துக்கு இரண்டே வேலைதான், உருள்வதும் திரும்புவதும். அதுக்குள் எந்தச் சக்தியும் போகாது. ஆகவே ஸ்டியரிங்கை ஒடித்து, முன்னாலிருந்து சத்தம் வந்தால், கிங் பின், புஷ், டை ராடு எண்ட், வீல் பேரிங், இவற்றில் ஒன்று. 'ஆக்ஸில்' என்று சொன்னால் அது பின்பக்கம். முன்னால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இந்த வண்டிகளின் முன்பக்கத்தில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தன. சின்ன பித்தளை முலைக்காம்பு மாதிரி இருக்கும், நுனியில் ஒரு குண்டு. அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் உள்ளே போகும், திரும்பி வராது. ஆஸ்கார் சர்க் என்பவர் அந்த நிப்பிளுக்கு 1929இல் காப்புரிமை வாங்கினார். குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடினதும் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு நிப்பிளாகத் துடைத்து, கிரீஸ் அடிப்பார்கள். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும். புதுசு வெளியே தெரியும் வரை அடிக்கணும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. கிரீஸ் அடிக்கிற பையன் என்ன செய்கிறான்? எண்ணெய் போடுகிறான், சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மூட்டையும் கையால் தொடுகிறான். துணியால் துடைக்கும்போதே ஆட்டம் இருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா, காட்டர் பின் இருக்கிறதா என்று கண்ணில் பட்டுவிடும். "அண்ணே, இடது பக்கம் ஆடுது" என்று பள்ளத்திலிருந்தே குரல் வரும். சத்தம் வருவதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிட்டது. யாரும் அதை 'பரிசோதனை' என்று சொல்லிக்கொள்ளவில்லை. அது கிரீஸ் அடிக்கிற வேலையின் உள்ளே ஒளிந்திருந்தது.

ஹெரால்டு பற்றி ஒரு சின்னக் குறிப்பு, அந்த வண்டி எனக்குப் பிடிக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸி மாதிரி. நம்ம வெளி வீதிச் சந்துகளுக்கென்றே செய்தது போல. ஆனால் அதன் முன்சக்கரம் திரும்பும் அடிமூட்டுக்கு, 'ட்ரனியன்' என்று பெயர், கிரீஸ் ஆகாது. கியர் ஆயில்தான் விடணும். மற்ற வண்டிக்கு அடிக்கிற பழக்கத்தில் அதுக்கும் கிரீஸ் அடித்தால் மரை சரியாக நனையாது. ஸ்டியரிங் கனக்கும், மரை தேயும், ஒருநாள் அந்த மூட்டே முறிந்து சக்கரம் மடங்கும். பராமரிப்பே கோளாறுக்குக் காரணமாகிற கதை அப்போதே இருந்தது.

இப்ப சத்தத்தோட மூலத்துக்கு வருவோம். முன்சக்கரத்துக்கே சக்தி கொடுக்கணும்னா என்ன சிக்கல்? சக்கரம் திரும்பும். திரும்பும்போதும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கணும். கோணத்தில் சுழற்சியைக் கடத்த மனிதனிடம் பழைய உபாயம் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் விளக்கிய கிராஸ் ஜாயின்ட். அம்பாசடர் புரொப்பல்லர் ஷாஃப்டில், லாரியில், நீங்கள் பார்க்கும் அதே சிலுவை. அதில் ஒரு குறை. கோணத்தில் சுழலும்போது வெளிப்பக்கத்து வேகம் ஒரே சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கூடும், இரண்டு தடவை குறையும். 30 டிகிரி கோணத்தில், உள்ளே 100 என்ற வேகத்தில் சுற்றினால் வெளியே ஏறக்குறைய 87க்கும் 115க்கும் நடுவே ஊசலாடும். புரொப்பல்லர் ஷாஃப்டில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் வைப்பதால் ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று தின்றுவிடும். முன்சக்கரத்தில் அப்படி வைக்க இடமில்லை. வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் கையில் உதறும்.

இதைத் தீர்க்க 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் முட்டிமோதினார்கள். அதில் நிலைத்தது ஆல்ஃபிரட் செப்பா என்ற இன்ஜினியரின் வழி. ஒரு கிண்ணம், அதுக்குள் ஒரு உருண்டை, இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், நடுவில் ஒரு கூண்டு, கூண்டில் ஆறு எஃகுக் குண்டுகள். எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் அந்த ஆறு குண்டும் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில் போய் நிற்கும். அதனால் உள்ளே என்ன வேகமோ வெளியே அதே வேகம். கணக்கு அவ்வளவுதான், ஆனால் அந்தப் பள்ளங்களை அறுத்தெடுப்பது சாமானிய வேலை இல்லை. யுத்தம் வந்தது, நான்கு சக்கர இழுவை ஜீப்புக்கு ஏராளமாக இந்த மாதிரி ஜாயின்ட் தேவைப்பட்டது. செப்பா வகையும் அதில் ஓடியது. 1959இல் பிரிட்டனில் வந்த மினி காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் முன்சக்கரத்தில் இதே ஆறு குண்டை வைத்தார். அவருடைய இன்னொரு கார், மாரிஸ் மைனர், 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இங்கே வந்தது, அது பின்சக்கர இழுவை. மினி நம் பக்கம் வரவில்லை.

நமக்கு அந்த ஆறு குண்டு வீட்டு வாசலுக்கு வந்தது 1983 டிசம்பர் 14. இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்த நாள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. கிரீஸ் நிப்பிள் தேடினவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பால் ஜாயின்ட் மூடி முத்திரை வைத்தது. ஆக்ஸில் மூட்டு ரப்பர் பூட்டுக்குள், தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி, கவ்வி போட்டு அடைத்தது. தொடவேண்டாம் என்பதுதான் அதன் பெருமை.

ரப்பர் கிழியும் வரை அது உண்மை. கிழிந்தால் சுழற்சியில் கிரீஸ் வீசியடிக்கும், சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு வட்டமாகத் தெரியும். அந்தக் கிழிசல் வழியாக வைகைக் கரைப் புழுதி உள்ளே போகும். பள்ளத்தில் குழி விழும். அதுக்கப்புறம் ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலேட்டர் மிதித்தால், சுமையோடு குண்டு குழியைத் தாண்டும்போது டக் என்று குதிக்கும். சக்கர வேகத்துக்கு ஏற்ப டக் டக் டக். "ஒடிச்சா சத்தம், ஆக்ஸில்" என்ற விதி பிறந்தது இப்படித்தான். அந்த வண்டிக்கு, அந்தக் கோளாறுக்கு, அது அருமையான விதி.

ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை. அதே மாருதி அடுத்த வருஷமே விட்ட வேன், நாம் ஆம்னி என்று சொல்வது, பின்சக்கர இழுவை. ஆம்னியில் ஒடித்தால் முன்னால் சத்தம் வருதுன்னு போய், "ஆக்ஸில் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். முன்னால் மாற்றுவதற்கு ஆக்ஸிலே கிடையாது.

இதைவிட முக்கியமான மாற்றம் வேறு. மூட்டுகளை மூடிவிட்டதால் கிரீஸ் அடிக்கிற வேலை போச்சு. அந்த வேலைக்குள் ஒளிந்திருந்த தொடுதலும் போச்சு. கோளாறு பார்ப்பது கையிலிருந்து காதுக்கு நகர்ந்தது. காது கெட்டிக்காரன்தான், ஆனால் இரும்பு அதை ஏமாற்றும். இடது லோயர் ஆர்மில் தட்டினால் சத்தம் டேஷ்போர்டு நடுவில் கேட்கும். ஷாக் அப்சார்பர் மேல் மவுன்டில் ஸ்பிரிங் பிடித்து விடுவது, காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஆக்ஸில் மாதிரியேதான் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை இரும்பில் வைத்துக் கேட்பது இதனால்தான்.

வேலை பார்த்து எடுத்துவந்த வண்டிக்கு வருவோம். சிம்மக்கல் பக்கம் வியாபாரம் செய்யும் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். வேகன் ஆர் வண்டி. குழியில் இறங்கி முன்பக்கம் அடிபட்டது. இடது லோயர் ஆர்ம், இரண்டு ஷாக் அப்சார்பர், டை ராடு எண்ட் எல்லாம் மாற்றினார்கள். "எடுத்துட்டு வந்த அன்னிக்கே உதறுதுண்ணே. இடது பக்கம் ஒடிச்சா 'டொக்'குன்னு ஒரு சத்தம். திரும்பக் கொண்டுபோனா, ரெண்டு பக்கமும் ஆக்ஸில் போச்சுங்கிறாங்க. வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி இந்தச் சத்தமே இல்லைண்ணே." எந்த ஒர்க்‌ஷாப் என்பது வேண்டாம். கேட்டிருந்த தொகை ஐந்து இலக்கம்.

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் தங்கம். வேலைக்கு முன்னாடி இல்லை. ஆக்ஸில் குழி விழுவது மாசக்கணக்கில் நடக்கும். முதலில் எப்போதாவது ஒரு டக், பிறகு அடிக்கடி, பிறகு எப்போதும். ஒரே நாளில் ஒர்க்‌ஷாப் வாசலில் பிறக்காது. வேலையின்போது பூட் கிழிந்திருந்தாலும் சத்தம் வர நாளாகும். ஆக்ஸிலைக் கழற்றி மாட்டியிருந்தால் கதை வேறு. கியர்பாக்ஸ் பக்கம் முழுசாக உள்ளே போய் உட்காராமல் இருக்கலாம், ஹப் நட்டு சரியான முறுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அப்போதும் கோளாறு ஆக்ஸிலில் இல்லை, மாட்டினதில்.

அதோட அவர் சொன்னது 'டக் டக் டக்' இல்லை, 'டொக்'. ஒரே ஒரு அடி. சக்கரச் சுற்றோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால் சுழலும் பொருள்: ஆக்ஸில், பேரிங், டிஸ்க், டயர். ஒடிக்கும்போதோ பிரேக் மிதிக்கும்போதோ ஒரு தடவை மட்டும் வந்தால் தாங்கும் பொருள்: லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராக் போல்ட், மேல் மவுன்ட். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் வருதா? அப்படின்னா சுழலும் பொருள் எதுவும் காரணம் இல்லை, மேல் மவுன்ட் பேரிங்கையும் ஸ்பிரிங் உட்கார்ந்த இடத்தையும் பாருங்கள். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் லேசாகக் கை வைத்தால் அது இழுபட்டுக் குதிப்பது கையில் தெரியும். உரசுகிற மாதிரி கீச்சென்று வந்தால், வேலையின்போது வளைந்துபோன பிரேக் தகடு டிஸ்கைத் தொடுதா என்று பாருங்கள். ஒரு விரலால் நிமிர்த்திவிடுகிற கோளாறு அது, அதுக்குப் பேரிங் மாற்றினவர்கள் உண்டு.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஓட்டித்தான் பார்க்கணும். நம்ம ஊர் இதுக்காகவே கட்டின மாதிரி இருக்கும். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். வலமாகச் சுற்றினால் நான்கு மூலையிலும் வலது திருப்பம். எடை முழுக்க இடது சக்கரத்தின் மேல் சாயும். இடது பேரிங் போயிருந்தால் ஊளை கூடும், இடது ஆக்ஸில் போயிருந்தால் பெரும்பாலும் அப்போதுதான் தட்டும். இடமாகச் சுற்றினால் நேரெதிர். ஆனால் நெரிசலும் ஒருவழியும் அப்படிச் சுற்றவிடாது. காலி மைதானத்தில் லைசென்ஸுக்குப் போடுகிற மாதிரி மெதுவாக எட்டு போடுங்கள். ஒரு எட்டில் இரண்டு பக்கமும் வந்துவிடும். 'பெரும்பாலும்' என்று சொன்னதுக்குக் காரணம் இருக்கு. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம்தான் அதிகக் கோணத்தில் ஒடியும், சில சமயம் அதுவும் தட்டும். பூட்டைக் கண்ணால் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

அந்த நேயரின் வண்டியை வேறொரு மெக்கானிக் பள்ளத்தின் மேல் ஏற்றினார், அம்பாசடர் காலத்துக் கை. நானும் போயிருந்தேன். அவர் எஞ்சினையே போடவில்லை, எட்டும் போடவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். இரண்டு ஆக்ஸில் பூட்டும் முழுசாக இருந்தன, ஒரு பொட்டுக் கிரீஸ் வெளியே இல்லை. அப்புறம் போன வேலையில் கழற்றின நட்டு ஒவ்வொன்றிலும் ஸ்பானரை வைத்தார், வரிசையாக, கிரீஸ் அடிக்கிறவர் மாதிரி. லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைச் சக்கர நக்கிளோடு இறுக்கிப் பிடிக்கும் ஒரு போல்ட் உண்டு. அந்த நட்டு ஸ்பானருக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று கொடுத்தது.

அதுதான் 'டொக்'. ஒடிக்கும்போது மூட்டின் தண்டு தன் குழிக்குள் அசைந்து இடித்திருக்கிறது. அந்த நட்டு முழுசாகக் கழன்று போல்ட் வெளியேறினால் தண்டு நக்கிளை விட்டு வந்துவிடும், சக்கரம் கால் மடங்கின மாதிரி சாயும். அந்த மனுஷர் தினமும் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆல்பர்ட் விக்டர் பாலம் வழியாகக் கோரிப்பாளையம் போகிறவர். ரெண்டு ஆக்ஸிலுக்கும் பணம் கட்டியிருந்தால்? சத்தம் அப்படியே இருந்திருக்கும், அல்லது ஆக்ஸில் மாற்றும்போது தற்செயலாக அந்த போல்ட்டும் இறுகி, "பாத்தீங்களா, ஆக்ஸில்தான்" என்று ஆகியிருக்கும். இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம். தவறான விதி உயிரோடு இருப்பது இப்படித்தான்.

உதறலுக்குக் காரணம் தனி. டிஸ்கும் சக்கரமும் சேரும் முகத்தில் துருப்பொருக்கு. அதன் மேலேயே சக்கரத்தை வைத்து, வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே நட்டுகளை ஒரு பக்கமிருந்து வரிசையாக முறுக்கியிருந்தார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, குறுக்கு நெடுக்காக முறுக்கி, தரையில் இறக்கி மறுபடி இறுக்கினதும் பெரும்பகுதி போனது. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது திரும்ப இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், முனகும், சீக்கிரம் கிழியும். மிச்ச உதறல் வீல் அலைன்மென்ட்டில் தீர்ந்தது. டை ராடு எண்ட் மாற்றினால் அது கட்டாயம்.

ஆக்ஸிலே உண்மையில் போயிருக்கும் நேரமும் உண்டு, அதை மறைக்க விரும்பலை. அப்போது சந்தையில் மூன்று விதம் கிடைக்கும். கம்பெனி சரக்கு, லோக்கல், ரீகண்டிஷன். கடைசி வகையில் தேய்ந்த பள்ளத்தைக் கடைந்து, கொஞ்சம் பெரிய குண்டு போட்டுக் கட்டுவார்கள். கை சுத்தமான இடத்தில் செய்தால் ஓடும். பள்ளத்தின் மேல்தோல் மட்டுமே கெட்டிப்படுத்தின எஃகு, அதைத் தாண்டிக் கடைந்துவிட்டால் சில மாசத்தில் மறுபடி குழி விழும். புது ஆக்ஸில் போட்ட அன்றைக்கே சத்தம் வந்தால் பழைய கோளாறு இன்னும் அங்கேயே இருக்கலாம், புதுப் பொருளே மோசமாகவும் இருக்கலாம். கழற்றின பழைய ஆக்ஸிலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்கு அது போகவேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.

அம்பாசடரும் மாருதி 800ம் ஒரே வருஷத்தில், 2014இல், உற்பத்தி நின்றன. கிரீஸ் கன் காலத்துக் கையும் ஆறு குண்டு காலத்துக் காதும் ஒன்றாக விடைபெற்ற மாதிரி இருந்தது. குண்டு போகவில்லை. இப்போது ஓடுகிற நெக்ஸான் மின்சாரக் காரைப் பாருங்கள், மோட்டார் முன்னால், இழுவை முன்சக்கரத்தில். இன்ஜின், சைலன்சர், கிளட்ச் எல்லாம் போன பிறகும் சக்கரத்துக்குப் போகும் வழியில் அதே வகை மூட்டு, அதே ரப்பர் பூட். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பு கொடுக்கும். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் முன்பு மறைந்திருந்த சின்னச் சின்ன டொக்கெல்லாம் இப்போது காதுக்குத் தெளிவாகக் கேட்கும். அடுத்த பத்து வருஷத்தில் "ஒடிச்சா சத்தம்" என்று வரப்போகிற வண்டிகளில் பல அந்த ரகம்தான்.

உங்கள் வண்டியில் வேலை முடித்து எடுத்துவந்த பிறகு புதுசாக வந்த சத்தம் எதுவென்று, எந்தெந்த நட்டைக் கழற்றினார்கள் என்ற விவரத்தோடு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் மதுரையின் பஸ் பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றிப் பேசலாம்.